பாடகியின் கட்டை, ராப்பரின் வேகம்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ராப் எழுதிப் பாடுகிறவர். கூடப் படித்த தோழி பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படித்தவர். கலியாண வீடுகளில் மெல்லிசையும் பாடுவார். இணையத்தில் எடுத்த ஒரு பீட்டுக்கு, அதாவது பின்னணி இசைக்கு, தம்பி இரண்டு வேர்ஸ் (ராப் சொல்லும் சரணங்கள்) எழுதி முடித்துவிட்டார். தோழி ஹூக்கை, அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவியை, பாடிப் பார்த்தால் "ரெண்டு பாட்டை வெட்டி ஒட்டின மாதிரி" இருக்கிறதாம். பிழை எங்கே, வீட்டிலேயே எப்படிப் பதிவது, பெயரையும் காசையும் எப்படிப் பிரிப்பது என்று மூன்று கேள்விகள்.

தம்பி, பிழை வரிசையில் இருக்கிறது. பீட் முதலில், வேர்ஸ் அடுத்தது, ஹூக் கடைசியில் என்று வந்திருக்கிறீர்கள். ராப்பரும் பாடகியும் சேரும் பாட்டுக்கு ஹூக்தான் முதலில் நிற்க வேண்டும். 2010இல் எமினெமும் ரிஹானாவும் சேர்ந்து பாடி அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்த 'லவ் த வே யூ லை' அப்படி உருவானதுதான். ஸ்கைலார் கிரே என்ற பெண் எழுதிப் பாடிய ஹூக் அலெக்ஸ் டா கிட்டின் இசையோடு எமினெமின் கைக்கு வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் தன் வேர்ஸ்களை எழுதினார். ரிஹானா தன் பகுதியை அயர்லாந்தின் டப்ளினில் பாடி அனுப்பினார். இருவரும் ஒரே அறையில் இருக்கவில்லை என்பது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் தோழி நாளைக்குப் படிக்கவென்று மட்டக்களப்புக்குப் போனாலும் பாட்டு நின்றுவிடாது.

சுருதியைப் பாடகி தீர்மானிக்க வேண்டும், வேகத்தை ராப்பர் தீர்மானிக்க வேண்டும். ராப் எந்தச் சுருதிக்கும் ஏறக்குறைய வளைந்து கொடுக்கும். பாடுகிற தொண்டை கொடுக்காது. அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) கூடினாலே உச்ச சுரம் கத்தலாகிவிடும். வேகத்தில் இது தலைகீழ். பாடகி நிமிடத்துக்கு 86 தாள அடியிலும் பாடுவார், 92இலும் பாடுவார். ராப்பருக்கு நிமிடத்துக்கு 5 அடி கூடினாலே மூச்சு எடுக்கிற இடம் தவறும்.

கட்டை பார்ப்பது இப்படி. தோழி கர்நாடக சங்கீதத்தில் 5 அல்லது 5½ கட்டையில் பாடுகிறவராக இருக்கலாம். அதை அப்படியே ஹூக்குக்கு வைக்கக்கூடாது. கீர்த்தனையில் மேல் பஞ்சமத்தை இரண்டொரு தரம் தொட்டுவிட்டு இறங்குவார். ஹூக்கிலோ உச்ச சுரம் ஒவ்வொரு வரியிலும் வரும். பீட் இல்லாமல், போனில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியை வைத்துக்கொண்டு ஹூக்கைப் பாடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தரமும் அரைக் கட்டை ஏற்றுங்கள். உச்ச சுரத்தில் கழுத்து நரம்பு தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரு முழுக் கட்டை இறங்குங்கள். அதுதான் பாட்டின் சுருதி. பெரும்பாலான பெண் குரல்களுக்கு ஹூக்கின் உச்சி ஏ4 முதல் சி5 வரைக்குள் (கீபோர்டின் நடு சிக்கு மேலே வரும் ஏ முதல் அடுத்த சி வரை) விழுந்தால் நெஞ்சுக்குரலில் பலமாக நிற்கும். அதற்கு மேலே போனால் பலருக்குக் கள்ளக்குரல் வந்துவிடும். மென்மையான பாட்டுக்கு அது அழகு, ஆனால் 16 பார் (ஒரு பார் என்பது நான்கு தாள அடி) ராப்புக்குப் பிறகு வரும் ஹூக் அப்படி மெலிந்து வந்தால் பாட்டு விழுந்துவிடும்.

உங்கள் பீட் வேறு சுருதியில் இருந்தால் எம்பி3 கோப்பை அப்படியே ஏற்றி இறக்காதீர்கள். ஒரு கட்டை வரை தாங்கும். அதற்கு மேலே போனால் ஸ்னெயர் ட்ரம் பிளாஸ்டிக் வாளியில் தட்டினது போலாகும், 808 என்கிற ஆழமான மின்னணு பேஸ் காணாமலே போகும். ஜி1 என்ற சுரம் 49 ஹேர்ட்ஸ். அதை டி1 வரை இறக்கினால் சுமார் 37 ஹேர்ட்ஸ். ஆட்டோவில் இருக்கிற ஸ்பீக்கருக்கும் போனுக்கும் அது இல்லாத சத்தம்தான். பீட் செய்தவரிடம் ஸ்டெம் கோப்புகளைக் கேளுங்கள்: ட்ரம், பேஸ், கோர்ட், மெலடி எல்லாம் தனித்தனி வேவ் கோப்பாக. ட்ரம்மைத் தொடாமல் பேஸையும் மெலடியையும் மட்டும் மாற்றலாம். பேஸ் மிக ஆழத்துக்குப் போனால் அந்த வரியை ஓர் எட்டு (ஒரு ஸ்தாயி) மேலே தூக்கலாம். இப்படிக் கேட்கும்போதே பீட்டின் உரிமம் எந்த வகை என்றும் கேட்டுவிடுங்கள். அது ஏன் என்று கீழே வருகிறது.

அடுத்தது வேகம். ட்ரம் மட்டும் ஓடவிட்டு உங்கள் மிக நெருக்கமான நான்கு வரியை 84, 88, 92, 96 என்று சொல்லிப் பாருங்கள். நான்காவது வரியின் கடைசிச் சொல் முழுதாக வாயை விட்டு வந்தால் அந்த வேகம் சரி. 90 அடி வேகத்தில் ஒரு அடி 0.67 நொடி, நான்கு அடி கொண்ட ஒரு பார் 2.67 நொடி. ஒரு அடியை நான்காகப் பிரித்தால் பாருக்கு 16 இடம் கிடைக்கும். பதினாறையும் நிரப்பினால் நொடிக்கு ஆறு அசை. ஒரு பார் தாங்கும், இரண்டு பார் தாங்கும், மூன்றாவதில் சொல் விளங்காது. தமிழில் வேற்றுமை உருபும் வினைவிகுதியும் சேர்ந்து சொற்கள் நீளமாகிவிடுவதால் பாருக்கு 10 முதல் 13 அசை வரை எழுதி, மீதியை மூச்சுக்கும் வெறுமைக்கும் விடுவதுதான் கேட்க நன்றாக இருக்கும். வேகத்தைக் காட்ட ஆசையென்றால் இரண்டாம் வேர்ஸின் கடைசி நான்கு பாருக்குள் காட்டுங்கள்.

நீளம்: 4 பார் தொடக்கம், 8 பார் ஹூக், 16 பார் வேர்ஸ், 8 பார் ஹூக், 12 பார் வேர்ஸ், 4 பார் அடக்கம், கடைசியில் ஹூக் இரட்டித்து 16. மொத்தம் 68 பார், 90 அடியில் 3 நிமிடம் 1 நொடி. தோழிக்குச் சொல்லும்போது ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்று இரண்டு பார் என்று சொல்லுங்கள், உடனே பிடிப்பார். இரண்டாம் வேர்ஸை 12ஆகக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. கேட்பவருக்கு ஹூக் பழகிவிட்டது, அதற்காகக் காத்திருக்கிறார். உங்களிடம் 16 பாருக்குச் சரக்கு இருக்கலாம். நான்கை வெட்டுங்கள்.

இனி அந்த வெட்டி ஒட்டின சத்தம். பாட்டு நிற்பதும் விழுவதும் இருவரும் கைமாற்றுகிற அந்த இரண்டு பாரில்தான். பழகாதவர்கள் செய்கிற பிழை ஒன்றே: ஹூக் எட்டாவது பாரோடு முடியும், ஒன்பதாவதின் முதல் அடியில் ட்ரம், பேஸ், ராப் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். எல்லாம் சம எடுப்பு. தையல் பளிச்சென்று தெரியும். உங்கள் தோழி சங்கீதப் பாடத்தில் படித்த அதீத எடுப்பும் அனாகத எடுப்பும் இங்கே கைகொடுக்கும். ஹூக்கின் கடைசிச் சுரத்தை எட்டாவது பாரின் மூன்றாம் அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். நான்காவது அடியில் ட்ரம்மையும் பேஸையும் முழுதாக எடுத்துவிடுங்கள். அந்த வெற்று அடியில் நீங்கள் இரண்டு மூன்று அசையோடு முந்தி நுழையுங்கள். தாளம் உங்களுக்குப் பின்னால் வந்து விழும். இது அதீதம். இரண்டாம் வேர்ஸுக்கு மாற்றி, அனாகதமாகச் செய்யலாம்: தாளம் முதல் அடியில் விழட்டும், நீங்கள் ஒரு அடி தள்ளி நுழையுங்கள். இரண்டு வேர்ஸும் ஒரே மாதிரி நுழையாதிருந்தாலே பாட்டு பாதி உயிர் பெற்றுவிடும்.

வேர்ஸிலிருந்து ஹூக்குக்குப் போகும் வழி இன்னும் முக்கியம். அதற்கு நம்மிடம் அந்தாதி இருக்கிறது. உங்கள் வேர்ஸின் கடைசிச் சொல்லே ஹூக்கின் முதற்சொல்லாக இருக்கட்டும். நீங்கள் "…கரை" என்று முடிக்க, தோழி "கரையோரம்" என்று எடுத்தால் இரண்டு குரலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிடும். அதற்கு முந்தைய நான்கு பாரில் தோழி பின்னால் மெல்ல வாய்மூடி இசைக்கலாம். அவர் ஹூக் பாடும்போது மூச்சு எடுக்கிற இடைவெளிகளில் நீங்கள் ஒரு சொல், இரு சொல் எறியலாம். அவருடைய சொல்லின் மேல் மட்டும் ஏறாதீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, ராப்புக்கும் சுருதி உண்டு. நீங்கள் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போகும் அந்தத் தொனி பாட்டின் சட்ஜத்துக்கும் (ஸ) ரிஷபத்துக்கும் (ரி) நடுவில் எங்கேயோ கிடந்தால், சொல் சரி, தாளம் சரி, ஆனாலும் கேட்பவருக்கு ஏதோ உறுத்தும். சுருதியைப் போட்டுவிட்டு உங்கள் வரிகளை ஸ அல்லது ப மீது சாய்த்துச் சொல்லிப் பழகுங்கள். பாட்டு 5½ கட்டை என்றால் ஆண் குரலுக்குக் கீழ் ஸ சுமார் 104 ஹேர்ட்ஸ், ப சுமார் 156 ஹேர்ட்ஸ். பேசும்போது இருப்பதைவிட ராப்பில் தொனி ஏறும் என்பதால் பெரும்பாலும் ப தான் பொருந்தும். முதல் வேர்ஸை ஸ பக்கம் வைத்து, இரண்டாவதை ப பக்கம் ஏற்றினால் ஆத்திரம் கூடுவது சொல்லாமலே விளங்கும்.

வரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நீட்டுகிற சுரத்தில் குறில் விழுந்தால் தமிழில் பொருளே மாறும்: பல் பால் ஆகும், மடு மாடு ஆகும். ஹூக் எழுதும்போது நீளும் இடத்தில் நெடில் வையுங்கள். 'நிலாவெளி' என்றால் நீட்ட வேண்டியது 'லா'; மெட்டு 'வெ'யில் நீண்டால் மெட்டை மாற்றுங்கள், அல்லது சொல்லை மாற்றுங்கள். ராப்பில் எதிர்ப்பக்கப் பிழை வரும்: நெடிலைக் கால் அடிக்குள் அமுக்கினால் அது குறிலாகிவிடும். க்க, ட்ட, ற்ற, ப்ப வரும் சொற்கள் தாங்களாகவே தாளம் போடும். அவற்றை ஸ்னெயர் விழும் இரண்டாம், நான்காம் அடிகளில் நிறுத்துங்கள். ஹூக்கில் மெல்லினமும் இடையினமும் ஓடட்டும்.

இயைபை நம்பி எழுதாதீர்கள். 'போகிறேன், வாறேன், கேட்கிறேன்' என்று வரி முடிவில் விகுதி ஒத்துப்போவது தமிழில் இலவசமாகக் கிடைப்பது, யாருக்கும் அது வியப்பில்லை. வரிக்குள்ளே எதுகை வையுங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றிய சொற்கள் முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் வந்து விழுந்தால் காது நிமிரும். ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள். 'ஏலாது', 'காணும்', 'கதைக்காதே' என்று வாழ்நாள் முழுதும் பேசிவிட்டு மைக்குக்கு முன்னால் மட்டும் சென்னைக்காரராவது முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும். ஹூக்கை மட்டும் கொஞ்சம் பொதுத்தமிழில் வைத்தால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் கூடப் பாட ஏலும்.

பதிவு. திருகோணமலையில் வீட்டுப் பதிவுக்கு எதிரி விலைகுறைந்த மைக் இல்லை, கூரையும் காற்றும்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி; தகரத்திலோ சீற்றிலோ மழை விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. கோடையில் கச்சான் அடிக்கும்போது ஜன்னலும் படலையும் அடித்துக்கொண்டிருக்கும், ஃபானையும் நிறுத்த ஏலாது. ஆனால் நிறுத்தத்தான் வேண்டும். 15 நிமிடம் பாடிவிட்டு 10 நிமிடம் ஃபானைப் போட்டு ஆறுங்கள். இரவு 10 மணிக்கு மேலே நல்ல நேரம்: கோயில் ஒலிபெருக்கியும் பாங்கும் ஓய்ந்திருக்கும், காகமும் குயிலும் தூங்கியிருக்கும். நகருக்குள் திரிகிற மான்களால் தொல்லையில்லை, நாய்களால்தான். வீதிப்பக்க அறையை விடுங்கள். வெறுஞ்சுவரும் டைல் நிலமும் உள்ள அறையில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் எதிரொலிக்கும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதன் முன்னால் மைக்கை வையுங்கள். பாடுகிறவரின் முதுகுப் பக்கத்தில் ஒரு மெத்தையை நிறுத்துங்கள். மைக் பிடிப்பது முன்னால் இருந்து வருவதை. ஆகவே பாடுகிறவருக்குப் பின்னால் உள்ள சுவர்தான் பெரிதும் கெடுக்கும். மைக்கைச் சுற்றிப் பஞ்சு ஒட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

ராப்புக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் காணும். வாயிலிருந்து 5 முதல் 8 சென்ரிமீற்றர். அறைச் சத்தத்தை அது குறைவாகப் பிடிக்கும், பக்கத்தில் நின்றால் குரலுக்குக் கனமும் கொடுக்கும். தோழிக்கு, நுணுக்கமாகப் பிடிக்கிற கொண்டென்சர் மைக் கிடைத்தால் நல்லது. 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளி, நடுவில் பொப் ஃபில்ட்டர் (மூச்சடியைத் தடுக்கும் வலைத்தட்டு). உச்ச சுரத்தில் தலையை ஆறு அங்குலம் பின்னுக்கு எடுக்கப் பழக வேண்டும். கொண்டென்சருக்கு, மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறந்துவிட்டு மைக் பழுது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கடற்காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்து அந்த மைக் சில மாதத்தில் பொரியத் தொடங்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டிக்குள் வையுங்கள். ஸ்டாண்டிலேயே விட்டுவிட வேண்டாம். 'ம்ம்' என்ற உறுமல் கேட்டால் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் பிளக்கின் எர்த் கம்பி சரியா என்று வயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோனில் பதிய வேண்டாம். சத்தம் 0.1, 0.2 நொடி தாமதித்து வரும். நீங்கள் கேட்டுக்கொண்டு பாடுவது அவ்வளவும் பின்தங்கும். "என்ர தாளம் ஏன் இழுக்குது" என்று மண்டையை உடைப்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம். வயர் உள்ள, காதை மூடுகிற ஹெட்ஃபோன். பதியும்போது மென்பொருளில் பஃபர் (குறைந்தால் தாமதம் குறையும்) 128; கலக்கும்போது 1024க்கு ஏற்றுங்கள். பதிவு மட்டம் உச்சத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல் வரை இருக்கட்டும். சிவப்பு எரிந்த பதிவைப் பிறகு யாராலும் திருத்த ஏலாது, சத்தம் குறைந்ததை ஏற்றலாம்.

இருவரும் ஒரே அமைப்பில் பதியுங்கள்: 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ். ஒருவர் 44.1இல் பதிந்து, மற்றவரின் மென்பொருள் அதை மாற்றாமல் 48இல் ஓட்டினால் குரல் சுமார் 9 சதவீதம் வேகமாகி முக்கால் கட்டை ஏறிவிடும். தோழி சுருதி விலகிவிட்டார் என்று அவரைக் குறை சொல்வீர்கள். கோப்பு அனுப்பும்போது எல்லாவற்றையும் பாட்டின் 0 நொடியிலிருந்து தொடங்கி வெட்டாமல் எடுத்தால், எவர் போட்டாலும் தானாகப் பொருந்தும். வட்ஸ்அப் குரற்பதிவாக அனுப்பினால் தரம் நசுங்கும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கூகுள் ட்ரைவில் போடுங்கள். இன்டர்ஃபேஸே இல்லை, போன்தான் இருக்கிறது என்றால் வேவ் பதிகிற செயலி ஒன்றை எடுத்து, சத்தம் நீக்கும் வசதியை நிறுத்தி, விமானப் பயன்முறையில் போட்டுப் பதியுங்கள். வெளியிடும் தரம் வராது, ஆனால் ஒத்திகைப் பதிவுக்குத் தாராளம்.

எத்தனை தடம்? ராப்புக்கு ஒரு முதன்மைப் பதிவு, வரிக் கடைசிச் சொற்களுக்கு மட்டும் ஓர் இரட்டை, இடைச்சொற்கள் இடமும் வலமும். முழு வேர்ஸையும் இரட்டித்தால் சொல் மங்கும். ஹூக்குக்கு முதன்மை ஒன்று, அச்சாக அதே மாதிரி இன்னும் இரண்டைப் பாடி முழு இடம், முழு வலம், மேலே ஒரு மூன்றாம் சுர இசைவு, கீழே ஒன்று. நகல் எடுத்து ஒட்டினால் அகலம் வராது. உண்மையாகவே திரும்பப் பாட வேண்டும். வேர்ஸ் நடுவில் ஒடுங்கி, ஹூக் இரு பக்கமும் விரிந்தால்தான் ஹூக் வந்ததாகத் தோன்றும். சத்தத்தை ஏற்றி அதைச் செய்ய முடியாது.

சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஓட்டோட்யூன் பற்றி ஒரு எச்சரிக்கை. கர்நாடகம் படித்த குரலில் கமகம் தானாக வரும். ரீட்யூன் வேகத்தை (எண் குறைந்தால் திருத்தம் கடுமையாகும்) 0 முதல் 10க்குள் வைத்தால் அந்தக் குழைவை மென்பொருள் படிக்கட்டாக வெட்டிவிடும். 30 முதல் 50 வரை வைத்து, கமகம் வரும் சொற்களில் முழுதாக நிறுத்திவிடுங்கள். அந்த இயந்திரச் சத்தம் வேண்டுமென்றால் கமகம் இல்லாமல் நேர்ச்சுரமாகப் பாடச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வரியில் கேட்பது பேராசை.

கலப்பில் ராப்புக்கு 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 250 முதல் 400 வரையில் கொஞ்சம் குறையுங்கள், 4:1 கொம்ப்ரெஷன் (உரத்த இடங்களை அடக்குவது). சொல் தெளிவு 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸில் இருக்கிறது. அங்கே கிற்றாரோ சின்தோ உட்கார்ந்திருந்தால் வேர்ஸ் ஓடும்போது அதைக் குறையுங்கள். குரலை ஏற்றுவதல்ல வழி. ராப் எதிரொலி சேர்க்காமல் கிட்டத்தட்ட வறட்சியாகவே இருக்கட்டும். ஹூக்குக்கு 1.5 முதல் 2 நொடி ரிவேர்ப் (அறை எதிரொலி), அது தொடங்குவதற்கு 20 முதல் 40 மில்லிநொடி முன்தாமதம். டிலே போட்டால் 90 அடியில் ஒரு அடி 667 மில்லிநொடி, முக்கால் அடி சரியாக 500. கைமாற்றும் இடத்தை இங்கேயும் கவனியுங்கள்: ஹூக்கின் ரிவேர்ப் வால் வேர்ஸின் முதல் சொற்களை மூடிவிடும். அந்த வெற்று அடியில் ரிவேர்ப் அனுப்பும் அளவை ஓட்டோமேஷனில் இறக்குங்கள்.

இறுதி ஒலிமட்டம் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டாம். யூடியூப்பும் ஸ்பொட்டிஃபையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சராசரி ஒலிமட்ட அலகு) இறக்கிவிடும். உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்தால் காணும். 808 சிறிய ஸ்பீக்கரில் தெரிய அதற்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு) போடுங்கள். பிறகு போனிலும், ஓர் ஆட்டோவிலும், முடிந்தால் கண்டிக்குப் போகிற தனியார் பஸ் ஒன்றிலும் போட்டுக் கேளுங்கள். நம் ஆட்கள் பாட்டுக் கேட்கிற இடம் அதுதான்.

இனிப் பெயரும் காசும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: ஒன்று வரியும் மெட்டும், மற்றது பதிவு செய்த ஒலி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இரண்டையும் வேறாகவே பார்க்கிறது. ஆக்கத்துக்கு ஆக்கியவரின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டும் பாதுகாப்பு. ஆகவே பங்கும் இரண்டு வரிசையாக எழுத வேண்டும். ஆக்கப் பங்கில் எழுதினவருக்கும் மெட்டமைத்தவருக்கும் மட்டும் இடம். தோழி ஹூக்கின் வரியையோ மெட்டையோ தானே அமைத்திருந்தால் அவருக்கு அதில் பங்கு உண்டு. இசைக்கு 40, உங்களுக்கு 30, அவருக்கு 30 என்பது நியாயமான தொடக்கம். நீங்கள் அமைத்த ஹூக்கை அவர் பாடினார் என்றால் ஆக்கத்தில் இல்லை, ஆனால் பதிவில் கட்டாயம் உண்டு. பதிவுப் பங்கில், செலவழித்தவர் முதலில் தன் செலவை எடுக்க, மீதியைச் சமமாகப் பிரிப்பது சண்டை குறைந்த வழி.

இதைப் பதிவுக்கு முதல் எழுதுங்கள். பாட்டு ஓடின பிறகு எல்லோருக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கும். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுங்கள்: தீ என்ற பாடகி, அறிவு என்ற ராப்பர், சந்தோஷ் நாராயணனின் இசை. உலகமே பாடியது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாதது கேள்வியானது. 2022இல் யார் எதைச் செய்தார் என்று பொதுவெளியில் மாறி மாறி விளக்கம் வந்தது. 2024இல் அந்தப் பாட்டின் வருமானம் தங்களுக்கு வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பெரிய ஆட்களுக்கே இந்த நிலை. உங்கள் தாளில் யார் என்ன செய்தார், எத்தனை வீதம், பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில், மேடையில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் வேறு ஆளோடு பாடலாமா, வேறு குரலில் திரும்பப் பதியலாமா என்பதெல்லாம் இருக்கட்டும். கடைசிக் கேள்வி வீண் கேள்வியில்லை. 'மெனிகே மகே ஹித்தே' 2020இலேயே வெளியான சிங்களப் பாட்டு. 2021 மே மாதம் யொஹானி சதீஷனோடு சேர்ந்து பாடிய பிறகுதான் கடல் கடந்தது. குரல் மாறினால் பாட்டின் விதியே மாறலாம். அப்போது முதற்பதிவில் உழைத்தவருக்கு என்ன என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

பீட்டின் உரிமம் என்று மேலே சொன்னது இதற்குத்தான். இணையத்தில் 'இலவசம்' என்று கிடக்கும் பீட் பெரும்பாலும் வர்த்தகத்துக்கு இல்லை. 30, 40 டொலருக்கு வாங்குவது பொதுவாகப் பலருக்கும் விற்கிற லீஸ். அதில் நீங்கள் யூடியூப்பின் கொன்டென்ட் ஐடியில் (ஒலியை அடையாளம் கண்டு உரிமை கோரும் முறை) பாட்டைப் பதிந்தால், அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் பாட்டுக்கெல்லாம் உங்கள் பெயரில் உரிமைகோரல் போகும். பீட்காரர் உங்கள் உரிமத்தையே நிறுத்தலாம். லீஸ் என்றால் வெளியிடும்போது கொன்டென்ட் ஐடிப் பெட்டியில் குறியிடாமல் விடுங்கள். எத்தனை ஸ்ட்ரீம் வரை அனுமதி என்பதையும் பாருங்கள். ஊரிலேயே பீட் செய்கிற ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்தால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை, சுருதி மாற்றுவதும் ஐந்து நிமிட வேலை.

வெளியீட்டுக்கு, பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்புகிற டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற ஏதாவதொன்று. இலங்கையில் இருப்பவருக்கு எந்த வழியில் பணம் அனுப்புவார்கள் என்று சந்தா கட்டுவதற்கு முதல் பாருங்கள். இருவரையும் முதன்மைக் கலைஞர்களாகப் போடுங்கள். ஒருவரை 'ஃபீச்சரிங்' என்று போட்டால் பாட்டு அவர் பக்கத்தில் 'தோன்றியவை' என்ற பகுதிக்குள் ஒதுங்கிவிடும். பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரு எழுத்துப் பிசகினாலும் வேறொருவரின் பக்கத்துக்குப் போய் உட்காரும், மீட்க வாரக்கணக்காகும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்செல் சதுரம். வெளியீட்டு நாளை நான்கு வாரம் தள்ளி வையுங்கள்; ஸ்பொட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 7 நாள் முன்னதாகப் பாட்டு உள்ளே இருக்க வேண்டும். யூடியூப் காணொளி யாருடைய சனலில் ஏறுகிறது என்பதையும் அந்தத் தாளில் ஒரு வரியாகச் சேருங்கள், ஏனெனில் விளம்பர வருமானம் பெரும்பாலும் சனல்காரரின் கணக்குக்கு வரும், பிரித்துக் கொடுப்பது அவர் கையில்.